மலையகத்தில் ஓர் ஏற்றுமதி உதவிச் சேவை: இரண்டு ஊவாப் பருவங்களுக்குப் பின் எழுதும் மதிப்பீடு

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பண்டாரவளைக்கும் ஹப்புத்தளைக்கும் இடைப்பட்ட சரிவுகளில் ஆளுக்கு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று தேயிலைக் காணி வைத்திருக்கும் ஐந்து குடும்பங்கள் நாங்கள். எங்கள் கொழுந்தை மற்றவர் கொழுந்தோடு கலக்காமல் ஒரு சிறிய தொழிற்சாலையில் தனியாகச் செய்வித்து, அந்தத் தேயிலையை வெளிநாட்டுக் கடைகளுக்கு நேரடியாக விற்கிறோம். அனுப்பும் வேலையை நாங்களே செய்வதில்லை. 2024இலும் 2025இலும் அதை எங்கள் பக்கத்து நகரில் இயங்கும் ஓர் ஏற்றுமதி உதவிச் சேவையிடம் ஒப்படைத்தோம். அந்தச் சேவையின் மதிப்பீடுதான் இது. பெயரைச் சொல்லப் போவதில்லை. நான்கு பேர் வேலை செய்யும் அலுவலகத்தைப் பற்றி எழுதினால், குறை எந்த முகத்தின் மேல் விழுகிறது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கண்டியிலும் நுவரெலியாவிலும் இதே வகையான சேவையை நாட எண்ணுவோர், கையொப்பமிடுவதற்கு முன் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று அறிந்துகொள்ள இது பயன்படலாம்.

இப்படியொரு இடையாள் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இலங்கையின் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானது இன்று சிறு காணிகளிலிருந்து வருகிறது. அந்தக் கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொடுப்பவருக்கு, தொழிற்சாலையின் விற்பனை விலையில் 68 வீதம் கொழுந்துக்கும் 32 வீதம் தொழிற்சாலைக்கும் என்ற சூத்திரத்தின்படி பணம் வருகிறது. தேயிலை பெரும்பாலும் 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்துக்குப் போகும். ஏலம் நியாயமற்றது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு நாளில் லட்சக்கணக்கான கிலோவுக்கு விலை காணும் வேறு ஏற்பாடு நம்மிடம் இல்லை. ஆனால் ஊவாப் பருவம் எனப்படும் யூலை முதல் செப்டெம்பர் வரை, கச்சான் காற்று வறண்டு வீசும் வாரங்களில் எங்கள் சரிவுக் கொழுந்தில் ஏறும் அந்த வாசம், பள்ளத்திலிருந்து வரும் கொழுந்தோடு ஒரே தொட்டியில் வாடும்போது காணாமற் போகிறது. அதற்குத் தனி விலை வேண்டுமானால் தனியாகச் செய்து, தனியாக விற்க வேண்டும். அப்படி விற்பதற்குத் தேயிலைச் சபையில் ஏற்றுமதியாளராகப் பதிவு, சுங்கப் பிரகடனம், தாவரத் தொற்றுக்காப்புச் சான்றிதழ், மூலச் சான்றிதழ், வங்கி ஆவணங்கள் என்று ஒரு நீண்ட வரிசை காத்திருக்கிறது. ஆண்டுக்குச் சில நூறு கிலோ மட்டும் அனுப்பும் ஐந்து குடும்பங்களால் அதைச் சுமக்க இயலாது. எனவே காகிதத்தில் ஏற்றுமதியாளர் அந்தச் சேவை, தேயிலை எங்களுடையது என்ற ஏற்பாடு.

முதல் சந்திப்பைச் சொல்லாமல் விட முடியாது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் ஒன்பது பக்கம். எங்கள் ஐவரில் மூவர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவர்கள். உரிமையாளர் அதைச் சுருக்கமாக விளக்கிவிட்டுக் கையொப்பம் கேட்டபோது, அங்கே ஆவணப் பிரிவில் வேலை செய்யும் இளம்பெண் ஒருவர் தாமாகவே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பக்கம் பக்கமாகத் தமிழில் வாசித்துக் காட்டினார். எப்.ஓ.பி. என்றால் என்ன என்று எங்களில் மூத்தவர் கேட்டார். "கப்பலில் ஏறும்வரை உங்கள் தலைவலி, ஏறிய பிறகு வாங்குபவரின் தலைவலி, ஐயா" என்று அவர் சொன்ன விளக்கத்தைவிடத் தெளிவான ஒன்றை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை. (கொள்கலனில் போகும் சரக்குக்கு எப்.ஓ.பி. பொருந்தாது, சரக்கை ஏற்றிச் செல்பவரிடம் ஒப்படைப்பதோடு நம் பொறுப்பு முடியும் எப்.சி.ஏ. என்ற முறையே சரி என்பது சர்வதேச வர்த்தக சபை வெளியிட்ட இன்கோடேர்ம்ஸ் 2020 விதிகளின் நிலைப்பாடு. நம் சரக்கை நாம் ஒப்படைப்பது களஞ்சியத்தில். அது கப்பலில் ஏறுவதை நாம் காண்பதுகூட இல்லை. ஆனாலும் கொழும்பில் எல்லாரும் எப்.ஓ.பி. என்றே எழுதுகிறார்கள்; இந்தச் சேவையும் அப்படியே.) ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியைத் தரும்படி அன்று கேட்டோம். இரண்டாம் ஆண்டும் ஆங்கிலத்திலேயே வந்தது.

ஆவண வேலையைப் பொறுத்தவரை இவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே ஓர் உதாரணம் போதும். நாங்கள் தேயிலையை இரண்டு கிலோ அலுமினியத் தாள் பைகளில் அடைத்துப் பெட்டிகளில் இட்டிருந்தோம். பெட்டியின் மொத்த எடையைப் பார்த்து "மொத்தத் தேயிலை" (பெரிய பொதிகளில் போவது) என்று படிவத்தில் எழுதினோம். அந்தப் பெண் உடனே நிறுத்தினார். உலகச் சுங்கக் குறியீட்டில் தேயிலை 0902 என்ற தலைப்பின் கீழ் வருகிறது; மூன்று கிலோவுக்கு மேற்படாத பொதியில் உள்ள கறுப்புத் தேயிலைக்கு 0902.30, அதற்கு மேற்பட்டதற்கு 0902.40. கணக்கு உள்ளே இருக்கும் பைக்குத்தான், வெளியே இருக்கும் பெட்டிக்கு அல்ல. தவறான குறியீட்டோடு போயிருந்தால் வாங்குபவரின் நாட்டுச் சுங்கத்தில் சரக்கு நின்றிருக்கும். நின்ற ஒவ்வொரு நாளுக்கும் களஞ்சிய வாடகை ஏறியிருக்கும். அதேபோல, ஊர் மர ஆலையில் அடித்த பலகைத் தட்டில் பெட்டிகளை அடுக்கப் போனபோது, வெப்பச் சிகிச்சை செய்யப்பட்டதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இல்லாத மரம் எல்லையைத் தாண்டாது என்று சொல்லி, முத்திரையிட்ட தட்டுக்கு ஏற்பாடு செய்தார்கள். வாங்குபவரிடம் நாணயக் கடிதம் (ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக அவரது வங்கி தரும் உறுதி) திறக்கச் சொல்லலாமா என்று நாங்கள் கேட்டபோது, வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டுமே, சரக்கை அல்ல என்றும், எங்கள் அளவுக்கு அதன் கட்டணமே இலாபத்தைத் தின்றுவிடும் என்றும் சொல்லி, ஒரு பகுதி முன்பணமாகவும், மீதி வங்கியில் ஆவணங்களைப் பெறும்போது கட்டுவதாகவும் பிரித்து வாங்கச் சொன்னார்கள். நாணயக் கடிதம் திறந்திருந்தால் இவர்களுக்கு அதிலும் ஒரு கட்டணம் கிடைத்திருக்கும். அதை விட்டுக்கொடுத்து நல்ல ஆலோசனை சொன்னார்கள் என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஆவணத்துக்கு வெளியே வந்தவுடன் கதை மாறுகிறது. அவர்களது விளம்பரத் தாளில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையை உங்கள் தேயிலைக்குப் பெற்றுத் தருவோம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். 2017 மே மாதம் இலங்கைக்குத் திரும்பக் கிடைத்த அந்தச் சலுகை ஆடைக்கும் மீனுக்கும் பெரிய பொருள். கறுப்புத் தேயிலையோ, எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தீர்வையின்றியே நுழைகிறது. இல்லாத வரியில் சலுகை வாங்கித் தருவதற்குக் கட்டணம் கேட்பது பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை அறியாதவர்களிடம் அறிந்தவர் சொல்லும்போது அதற்கு வேறு நல்ல பெயரும் எனக்குத் தெரியவில்லை.

ஜேர்மனிக்கான முதல் அனுப்பலில் பட்ட அடி இதைவிடப் பெரியது. அந்த நாட்டில் தேயிலைக் கடை நடத்துபவர் மாதிரியைச் சுவைத்துப் பிடித்துப்போய் 300 கிலோ கேட்டார். கூடவே எச்சப் பரிசோதனை அறிக்கையும் கேட்டார். சேவை, கொழும்பில் உள்ள ஓர் ஆய்வுகூடத்தில் வழக்கமான பூச்சிகொல்லிப் பட்டியலுக்குப் பரிசோதித்து அனுப்பியது. எல்லாம் வரம்புக்குள். ஆனால் வாங்குபவர் தமது பக்கத்தில் மாதிரியை மறுபடி சோதித்தபோது அந்த்ராகுவினோன் என்ற பொருள் வரம்பைத் தாண்டியிருந்தது. ஐரோப்பாவில் தேயிலையில் அதற்குள்ள வரம்பு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். நாங்கள் எதையும் தெளிக்கவில்லையே என்று குழம்பினோம். பிறகுதான் புரிந்தது, அது தெளிப்பதால் மட்டும் வருவதல்ல. விறகுப் புகையிலும் இருக்கிறது. தொழிற்சாலையின் ட்ரையருக்கு விறகு அடுப்பிலிருந்து சூடேறும் காற்றுக் குழாயில் ஓட்டை விழுந்து, புகை தேயிலையைத் தொட்டிருக்கிறது. தொழிற்சாலையில் தேயிலை செய்வதற்குப் பொறுப்பான டீ மேக்கர் குழாயை மாற்றினார், மறு தொகுதி தேறியது. முதல் தொகுதி உள்ளூரில் பாதி விலைக்குப் போனது. ஐரோப்பாவுக்குத் தேயிலை அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட ஒரு சேவை, விறகு ட்ரையரில் காய்ந்த தேயிலைக்கு இந்தச் சோதனையை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்டபோது, "வாங்குபவர் பட்டியலில் அதை எழுதவில்லை" என்றார் உரிமையாளர். ஜேர்மனியில் உள்ளவர் தமது சட்டத்தை நாம் அறிந்திருப்போம் என்று எடுத்துக்கொள்கிறார். நாமோ, வேண்டியதை அவர் எழுதுவார் என்று எடுத்துக்கொள்கிறோம். இந்த இரண்டு அனுமானங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதற்குத்தானே இடையாளுக்குப் பணம்?

கப்பல் கூலியிலும் ஒரு பாடம். கொள்கலனில் பிறர் சரக்கோடு பங்கிட்டு அனுப்பும்போது, எடை அல்லது கன அளவு, இரண்டில் எது அதிகமோ அதற்கே கூலி. எங்கள் தேயிலை நீண்ட இலைத் தேயிலை. தூள் தேயிலையைப் போல அமுங்கி உட்காராது. 300 கிலோ ஒன்றரைக் கன மீற்றருக்கு மேல் இடம் பிடித்தது. முதலில் தந்த மதிப்பீடு எடையை வைத்துப் போட்டது, கடைசிச் சிட்டை கன அளவை வைத்து வந்தது. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய 2023 பிற்பகுதியிலிருந்து பெரும்பாலான கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகின்றன என்பதும், அதனால் பயணம் இரண்டு வாரம் வரை நீளும் என்பதும் எல்லாரும் அறிந்த செய்தி. ஆனாலும் எங்களுக்குச் சொன்ன நாட்கணக்கு பழைய சுயெஸ் வழிக்கானது. சரக்கு எட்டாவது வாரத்தில் போய்ச் சேர்ந்தது.

இனி, பணம். என் பெரிய மனக்குறை இதில்தான் இருக்கிறது. ஏற்றுமதி வருமானத்தைச் சரக்கு போன நாளிலிருந்து 180 நாட்களுக்குள் நாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது மத்திய வங்கியின் விதி. ஏற்றுமதியாளர் அவர்களே என்பதால் யூரோ அவர்களது கணக்குக்கே வருகிறது. அது வந்து மூன்று வாரம் கழித்து எங்களுக்கு ரூபாவாகத் தந்தார்கள். எந்த நாளின் விகிதம் என்று கேட்டால் "எங்கள் விகிதம்" என்ற பதில். வங்கியின் வரவுச் சீட்டை மூன்றாம் முறை கேட்டபோதுதான் காட்டினார்கள். வங்கி கொடுத்ததற்கும் எங்கள் கைக்கு வந்ததற்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு வீதம் குறைந்திருந்தது. அந்தத் தொகை, 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட தோட்ட நாட்சம்பளத்தின்படி ஒரு தொழிலாளியின் முழு மாத அடிப்படைச் சம்பளத்தைவிட அதிகம். ஒப்பந்தத்தில் பரிமாற்ற விகிதம் பற்றி ஒரு வரியும் இல்லை. தேடிப் பார்க்காதது எங்கள் பிழை. 2022 மார்ச்சில் ரூபா கட்டுப்பாட்டிலிருந்து விடப்பட்டு, டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து இரண்டே மாதத்தில் 360 வரை ஏறியதைக் கண்ணால் கண்ட எவரும், ஒரு வெளிநாட்டுக் கொடுப்பனவில் தொகையைப் போலவே திகதியும் விலைதான் என்பதை மறந்திருக்கக் கூடாது. நாங்கள் மறந்துவிட்டோம், அவர்கள் மறக்கவில்லை.

வேறு நாட்டு வணிகர்களோடு பேசுவதிலும் இந்தச் சேவை ஒரே சீராக இல்லை. ஜப்பானிலிருந்து ஒருவர் 20 கிலோ கேட்பதற்கு முன் முப்பதுக்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்டார். எந்தக் களைகொல்லி, எந்தத் திகதி, பக்கத்துக் காணியில் என்ன தெளிக்கிறார்கள், இடையில் எத்தனை அடி தூரம். அலுவலகத்தில் இருந்தவர் பொறுமை இழந்து எல்லாவற்றுக்கும் ஒற்றை வரியில் பதில் அனுப்பினார். கேள்விகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருந்தது. 2015இல் இலங்கை கிளைபோசேட்டைத் தடை செய்தபோது தோட்டங்களில் புல் முழங்காலுக்கு வளர்ந்தது; பலர் எம்.சி.பி.ஏ. என்ற வேறொரு களைகொல்லிக்கு மாறினார்கள். ஜப்பான், தனி வரம்பு குறிக்கப்படாத இரசாயனங்களுக்கு 2006 முதல் 0.01 பி.பி.எம். (கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்) என்ற பொது வரம்பை வைத்திருக்கிறது. அந்த வரம்பில் நம் தேயிலை தடுக்கப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், அங்குள்ள வாங்குபவரின் நினைவில் அந்த ஆண்டுகள் அழியவில்லை. சேவை இதை அறிந்திருந்தும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களே காணியின் வரைபடத்தைக் கையால் வரைந்து, தெளிப்புக் குறிப்பேட்டைப் படமெடுத்து அனுப்பிய பிறகு, "ஆராய்ந்து பார்க்கிறோம்" என்று ஒரு பதில் வந்தது. இது அங்கே மரியாதையாக மறுப்பது, விட்டுவிடுங்கள் என்றார் உரிமையாளர். ஏழு மாதம் கழித்து அதே மனிதர் பணத்தை முழுவதும் முன்கூட்டியே அனுப்பி 20 கிலோவை வாங்கினார். ஒரு நாட்டின் பழக்கத்தைப் பற்றி நாலு வாக்கியம் மனனம் செய்தவர், எதிரே இருக்கும் ஆளைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்.

துபாய் வணிகர் ஒருவரோடு பேசிய விடயத்தில் அதே உரிமையாளரை நான் முழு மனதோடு பாராட்ட வேண்டும். அவர் வளைகுடாவில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். தொலைபேசியில் அரை மணி நேரம் உடல் நலமும் மழையும் விசாரித்து, விலையைப் பேச்சின் கடைசி இரண்டு நிமிடத்துக்கு ஒத்திவைத்து, "இன்று வேண்டாம், நாளை பேசுவோம்" என்று வைத்துவிட்ட விதத்தை ஒரு கலை என்றே சொல்வேன். மறுநாள் அவரே எங்களைக் கூப்பிட்டு, இந்த வியாபாரத்தை விடுங்கள் என்றார். ஜெபல் அலியில் உள்ள தேயிலை நிலையம் பல நாட்டுத் தேயிலையைக் கலந்து மறு ஏற்றுமதி செய்யும் இடம். அங்கே போனால் உங்கள் ஊவா வாசம் கென்யத் தேயிலையோடு கலந்து காணாமற் போகும், தனி விலை கிடைக்காது என்று விளக்கினார். தமக்கு வரக்கூடிய கழிவை (தரகுப் பணத்தை) விட்டுச் சொன்ன வார்த்தை அது. ஈரான் பற்றியும் அன்று பேச்சு வந்தது. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்காக இலங்கை வைத்திருந்த 251 மில்லியன் டொலர் கடனைத் தேயிலையாகத் தீர்க்க 2021 டிசெம்பரில் உடன்பாடு ஏற்பட்டு, 2023இல் நடைமுறைக்கு வந்தது. அதில் அனுப்பும் நம் வணிகருக்கு டொலர் வராது, உள்ளூரில் ரூபாவே கிடைக்கும். நம் மலையில் கிள்ளிய கொழுந்து எண்ணெய்க் கடனை அடைக்கப் போகிறது என்று கேட்டபோது எங்களில் மூத்தவர் சிரித்தார். என்ன நினைத்துச் சிரித்தார் என்று தெரியவில்லை.

அமெரிக்கா பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவிக்கப்பட்டதும் சேவை உடனே பதற்றமான சுற்றறிக்கை அனுப்பியது. பிறகு அது 20 வீதமாகக் குறைந்ததையும் அறிவித்தது. ஆனால் எங்களைப் போல் சிறு பொதி அனுப்புவோரை உண்மையில் தொட்டது வேறு. 800 டொலருக்கு உட்பட்ட பொதிகளுக்கு இருந்த வரி விலக்கு ஓகஸ்ட் 29உடன் முடிந்தது. அதைப் பற்றிச் சொல்லவில்லை; பொதியைப் பெற்ற வாடிக்கையாளர் வரிச் சிட்டையைப் படமெடுத்து அனுப்பியபோதுதான் அறிந்தோம். நவம்பரில் தேயிலை அந்த வரியிலிருந்து விலக்கப்பட்ட செய்தியையாவது நேரத்துக்குத் தந்தார்கள்.

இரண்டாம் ஆண்டு அவர்கள் புதிதாகத் தொடங்கிய பிரிவு "முதலீட்டாளர் அறிமுகம்". ஐரோப்பாவில் தேயிலை விற்கும் ஒருவர், சிறிய உருட்டு இயந்திரம் ஒன்றும் வாட்டும் தொட்டி ஒன்றும் வாங்கப் பணம் தருவார். பதிலாக எங்கள் தேயிலையை அவருக்கு மட்டுமே விற்க வேண்டும். வெளிநாட்டு முதலீடு என்ற சொல் மலையகத்துக்குப் புதிதல்ல. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டதற்குப் பின்னால் வந்து குவிந்த பிரித்தானியப் பணம்தான் இந்த மலைகளின் உருவத்தையே மாற்றியது. 1975இல் அந்தக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடி தனியாரிடம் போனது. எங்கள் பாட்டன்மார் இந்த மூன்று மாற்றத்திலும் காலையில் ஆட்களை எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நின்றவர்களே தவிர, எதிலும் கையொப்பமிடக் கேட்கப்பட்டவர்கள் அல்லர். ஆகவே முதன்முறையாக நம்மிடம் ஒருவர் பேனாவை நீட்டும்போது ஒரு பெருமிதம் வருவது இயல்பு. அந்தப் பெருமிதத்தில் ஒரு வாரம் ஓடியது.

பிறகு வரைவைப் பதுளையில் உள்ள ஒரு சட்டத்தரணியிடம் காட்டினோம். ஏழு ஆண்டு ஏகபோகம், விலை ரூபாவில் நிலையானது, கடனுக்கு ஈடாகக் காணி, தவணை தவறினால் காணியின் உரிமை முதலீட்டாளருக்கு மாறும், தகராறு வந்தால் லண்டனில் மத்தியஸ்தம். சட்டத்தரணி காணிப் பிரிவில் விரலை வைத்தார். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்கும், பாதி அல்லது அதற்கு மேல் வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனிக்கும் காணி உரிமையை மாற்றுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. நிறைவேற்ற முடியாத ஒரு வாக்கியத்துக்கு நாங்கள் கையொப்பமிட இருந்தோம். முதலீடு என்று வரும் பணம் 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின்படி உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வர வேண்டும் என்பதையும் சேவை சொல்லவில்லை; வங்கியில் போய்க் கேட்டபோது அங்கிருந்த அலுவலர் ஐந்து நிமிடத்தில் சொன்னார். ரூபாவில் நிலையான விலை என்பதன் பொருளை 2022 ஏற்கெனவே எல்லாருக்கும் கற்றுத் தந்துவிட்டது: ரூபா விழுந்தால் உரத்தின் விலை ஏறும், எரிபொருள் ஏறும், வாங்குபவருக்கோ தேயிலை மலிந்துகொண்டே போகும்.

சேவையிடம் இதைக் கேட்டபோது, வரைவு வேறொரு நாட்டில் காப்பித் தோட்டம் ஒன்றுக்குச் செய்ததன் படி என்று ஒப்புக்கொண்டார்கள். அதைவிட முக்கியமானது, முதலீட்டாளரிடமிருந்தும் அவர்களுக்கு ஒரு கழிவு உண்டு என்பது பேச்சோடு பேச்சாக வெளிவந்தது. இரு பக்கத்திலும் கூலி வாங்குபவர் எந்தப் பக்கத்துக்கு ஆள்? தேயிலை ஏலத்தில்கூடத் தரகர் இரு பக்கத்திலும் பணம் பெறுவதுண்டு என்று உரிமையாளர் வாதிட்டார். ஆனால் அங்கே விலை எல்லார் கண்முன்னும் விழுகிறது. இங்கே விலை எங்கு விழுந்தது என்று எங்களுக்குத் தெரியாது.

நாங்களே அந்த முதலீட்டாளரோடு காணொளியில் பேசினோம். ஆவணப் பிரிவுப் பெண் தம் ஓய்வு நாளில் வந்து மொழிபெயர்த்தார். காணி ஈடு பற்றி முதலீட்டாளருக்கே தெரியாது. அதைக் கேட்டு அவர் முகம் மாறியதை நாங்கள் பார்த்தோம். அவர் பயந்தது வேறொன்றுக்கு: இயந்திரத்தை வாங்கித் தந்தபின் நாங்கள் தேயிலையை வேறொருவருக்கு விற்றுவிடுவோமோ என்று. நாங்கள் பயந்தது, இயந்திரம் வந்தபின் அவர் வாங்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று. இரண்டு பயத்தையும் மேசையில் வைத்த பிறகு பேச்சு எளிதாயிற்று. இரண்டு பருவத்துக்கான முன்பணம், யூரோவில் விலை, எங்கள் உற்பத்தியில் பாதி அவருக்கு, மீதி எங்கள் விருப்பம், காணி பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பணத்தில் உருட்டு இயந்திரம் வந்துவிட்டது. தொட்டி இன்னும் வரவில்லை.

கட்டணத்தைப் பொறுத்தவரை, சரக்கின் பெறுமதியில் 6 வீதமும், ஆவணங்களுக்குத் தனியாக ஒரு நிலையான தொகையும் வாங்குகிறார்கள். 300 கிலோவுக்கு இது பெரிய தொகையே. ஆனால் நாங்களே பதிவு செய்து, கொழும்புக்கு ஏறி இறங்கி, ஒரு குறியீட்டை மாற்றி எழுதிப் பட்டிருக்கக்கூடிய நட்டத்தோடு ஒப்பிட்டால், ஆவணக் கட்டணம் நியாயமானது. வீதக் கட்டணம் எதற்கு என்பதுதான் கேள்வி. வாங்குபவரைக் கண்டுபிடித்தது நாங்கள், ஜப்பானியருக்குப் பதில் எழுதியது நாங்கள், முதலீட்டாளரோடு பேசியது நாங்கள். துபாய்க்காரர் விடயத்தில் மட்டும் அந்த வீதத்துக்கு உரிய உழைப்பு இருந்தது. அங்கேயோ வியாபாரம் நடக்கவே இல்லை என்பதால் உரிமையாளருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு தொன்னுக்குக் குறைவாக அனுப்புவோர் இப்படியான சேவையை ஆவணங்களுக்குத் தயங்காமல் நாடலாம். விலை பேசுவதையும் பரிமாற்ற விகிதத்தையும் அவர்கள் கையில் விடாதீர்கள். வங்கி வரவுச் சீட்டின் பிரதி மூன்று நாளுக்குள் தரப்பட வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். விறகு ட்ரையரில் காய்ந்த தேயிலை ஐரோப்பாவுக்குப் போவதானால், அந்த்ராகுவினோன் சோதனையை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே செய்வியுங்கள். கப்பல் கூலியின் மதிப்பீட்டைக் கன அளவில் கேளுங்கள். மறுபக்கத்திலிருந்து யாரிடமாவது கழிவு வாங்குகிறீர்களா என்று முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

அடுத்த ஊவாப் பருவத்துக்கு அவர்களிடமே போகிறோம். ஆவணங்களுக்கு மட்டும், நிலையான தொகைக்கு, பரிமாற்ற நாளும் வங்கியின் விகிதமும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டு, ஒப்பந்தம் தமிழிலும் தரப்பட்டு வேலை செய்ய முடியுமா என்று கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். உரிமையாளர் யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். ஆவணப் பிரிவுப் பெண் கடிதத்தை வாங்கும்போது, தமிழ்ப் பிரதியைத் தாம் ஏற்கெனவே பாதி எழுதிவிட்டதாகச் சொன்னார்.